நூலுக்கு மட்டும்

12.03.2025, புதன், காலை 6.40. இது நான்காவது தாள். முந்தைய மூன்றும் குப்பைக் கூடையில்.
சாகன், புனே

பொன்னி,

போனில் கேட்டால் ‘அப்புறம் பேசலாம்’ என்கிறாய். உன் அம்மா பக்கத்துத் தறியில் உட்கார்ந்திருக்கிறார். உன் போன் பாதி நேரம் தங்கச்சி அனு கையில். நீ பேசுவதற்காகத் தறியை நிறுத்தினாலே, சத்தம் நின்றதைக் கேட்டு வீடே ‘இன்னாச்சு’ என்று திரும்பிப் பார்க்கும். எல்லாம் எனக்குத் தெரியும். அதனால்தான் ஸ்பீட் போஸ்ட்.

சுற்றி வளைக்க எனக்கு வராது. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆனதற்காகப் பதினொரு நாள் லீவு வாங்கினேன். பிப்ரவரி 21 காலை வந்தேன். மார்ச் 1 காலை, இரண்டு நாள் பாக்கி இருக்கும்போதே கிளம்பிவிட்டேன். ஆக ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது இரண்டு தடவை. இரண்டு தடவையும் உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டாய். அனுவுக்குப் பரீட்சை பயம் என்று சொல்லி அவளோடு உள்ளறையில் படுத்துக்கொண்டாய். பரீட்சை அவளுக்கு, தண்டனை எனக்கா? ஈரத் தரையில் நடப்பதுபோல் நடந்தாய். ‘என்ன பிரச்சனை?’ என்று கேட்டேன். ‘ஒன்னுமில்ல.’ மறுபடி கேட்டேன். மறுபடி அதேதான்.

27ஆம் தேதி அமாவாசை. உங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடாது. அதை மனதில் வைத்துத்தான் அண்ணன் வண்டியைக் கேட்டு வாங்கி வந்தேன். ‘தாமலுக்குப் போய் ஏரியைப் பார்த்துவிட்டு வரலாம்’ என்றேன். நீ வண்டியின் சீட்டைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். ‘நீங்க போய்ட்டு வாங்க’ என்றாய். என் ஊருக்கு, என் ஏரிக்கு, நான் மட்டும் போய்விட்டு வர வேண்டுமாம்.

2022 கார்த்திகையில் அதே ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிந்தது ஞாபகம் இருக்கிறதா? நான் வண்டியை உதைப்பதற்கு முன்பே நீ ஏறி உட்கார்ந்திருந்தாய். வழியெல்லாம் ‘இன்னும் வேகமா’ என்று முதுகில் தட்டிக்கொண்டே வந்தாய். கலங்கலில் கால் வைத்ததும் செருப்பு ஒன்று போய்விட்டது. ஒற்றைச் செருப்போடு சிரித்தாய். அந்தப் பொன்னி எங்கே போனாள்?

விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி குடியிருப்பில் தரைத்தளத்தில் ஒரு வீடு எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். முன்னறை பதினொன்றுக்குப் பதினான்கு அடி. டேப் வைத்து அளந்துவிட்டேன். உன் தறிக்குக் குழி தோண்ட விடமாட்டார்கள்; ஆனால் தரைக்கு மேலேயே நிற்கிற மேடைத் தறி ஒன்று தாராளமாக நிற்கும். படிவத்தில் மனைவியின் கையெழுத்து வேண்டும். ஏப்ரல் 30க்குள் கொடுக்காவிட்டால் வீடு வரிசையில் அடுத்தவனுக்கு.

வருகிறாயா, இல்லையா? என்னோடு இருக்க விருப்பம் இல்லை என்றால் அதையும் சொல். பேனாவை எடு. ஒரு வரி எழுது.

மாணிக்கவேல்


20.03.2025
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

மாணிக்கவேல் அவர்களுக்கு,

ஒரு வரி கேட்டீர்கள். ஒரு வரியில் அடங்கவில்லை. மன்னிக்கவும்.

நீங்கள் எண்ணிய கணக்கில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. மார்ச் ஒன்றாம் தேதி காலை நான் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வர இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷத்தில் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். குடத்தை இறக்கி வைப்பதற்குள் அம்மா, “உன் வூட்டுக்காரரு கெளம்பிட்டாருடி. டீ கூட குடிக்கல. நீ இன்னாடி சொன்ன அவர?” என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். “அதான், ஒன்னும் சொல்லாம இருந்தா ஆம்பள இன்னா பண்ணுவான்?” என்றாள். சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம். அன்று முழுக்க அவள் தறி ‘டக் டக்’ என்று என்னைத் திட்டிக்கொண்டே ஓடியது.

‘என்ன பிரச்சனை’ என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எப்படிக் கேட்டீர்கள்? 2022இல் எங்கள் எதிர்வீட்டில் எலெக்ட்ரானிக் ஜக்கார்டு வைத்தார்கள். புடவைக் கரையில் பூ போடுகிற பெட்டி அது. பத்தாம் நாளே படுத்துவிட்டது. பழுது பார்க்க வந்தவர் நீங்கள். பெட்டியைத் திறந்து ‘என்ன பிரச்சனை?’ என்றீர்கள். போன மாதம் என்னைக் கேட்டதும் அதே குரலில்தான். ஆனால் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து அரைமணி நேரம் காது கொடுத்தீர்கள். எனக்கு அரை நிமிஷம் கொடுத்தீர்கள். அதற்குள் கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள்.

பெட்டி சரியான பிறகும் மூன்று முறை வந்தீர்கள். மூன்றாம் முறை வந்தபோது அம்மா வாசலில் நின்று, “இன்னாபா, உன் மெஷினுக்கு டெய்லி ஜுரமா? வந்துக்கினே இருக்குற” என்றாள். நீங்கள் ‘சர்வீஸ்’ என்றீர்கள். நான் தறிக்குள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். அன்றைக்குத்தான் ஒரு பித்தளைப் பிடியை ஜன்னல் வழியாக நீட்டினீர்கள். பாதி பிளேடை அதில் செருகித் திருகினால் விரலை வெட்டாமல் சரிகை நுனியை வெட்டலாம் என்று செய்துகாட்டினீர்கள். தூங்கும்போதும் அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். பிளேடைக் கழற்றிவிட்டுத்தான்.

அந்தப் பிடியைப் பஞ்சில் சுற்றி இத்துடன் அனுப்புகிறேன். இனி அது எனக்கு வேண்டாம். ஏன் என்று கேட்காதீர்கள். போனில் கேட்கவே கேட்காதீர்கள்.

வருவதைப் பற்றி இப்போது எழுதத் தெரியவில்லை. ‘இல்லை’ என்று எழுதக் கை வரவில்லை. ‘வருகிறேன்’ என்று எழுதினால் அது பொய்யோ என்று பயமாக இருக்கிறது.

பொன்னி


27.03.2025, மாலை 4.15
சாகன்

பொன்னி,

பார்சலைப் பிரித்ததும் கோபம் வந்தது. கொடுத்த பொருளைத் திருப்பி அனுப்பினால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். மேஜை டிராயரில் போட்டு மூடிவிட்டேன். இரண்டு நாள் அங்கேயே கிடந்தது.

ஜக்கார்டுப் பெட்டிக்கு அரைமணி நேரம் காது கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறாய். காது பெட்டியில் இருந்தது உண்மை. கண் உன் ஜன்னலில் இருந்தது. வலது சுட்டுவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாய். அந்த விரல் மட்டும் பட்டில் படாமல் தூக்கியபடி நெய்துகொண்டிருந்தாய். பெட்டியில் ஒரு கம்பி கழன்றிருந்தது, ஐந்து நிமிஷ வேலை. மிச்சம் இருபத்தைந்து நிமிஷம் உன் விரலுக்கானது. மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது பட்டறை லேத்தில் அந்தப் பித்தளையைக் கடைந்தேன். நான் என் இஷ்டத்துக்குச் செய்த முதல் கருவி அதுதான்.

நேற்று அதைத் தூக்கி எறியத்தான் எடுத்தேன். ஆனால் இங்கே கம்பெனியில் என் வேலை கத்திமுனை சாணை பிடிக்கிற வேலை. எதை எறிந்தாலும் எறியும் முன் நுண்ணோக்கியில் ஒரு தடவை வைத்துப் பார்க்கிற பழக்கம். வைத்தேன்.

நீ பிளேடைக் கழற்றாமலே அனுப்பியிருக்கிறாய். முனையில் முப்பத்தேழு மில்லிமீட்டருக்குள் நாற்பத்தொரு பல். அது பிளேடே இல்லை, ரம்பம். காரணம் சாதாரணம்: சரிகை என்பது நூலின் மேல் உலோகத் தகட்டைச் சுற்றியது. ஒவ்வொரு தடவை வெட்டும்போதும் பிளேடின் ஓரம் பெயரும். நூலுக்கு அது போதும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. ‘கூர்மையாகத்தானே இருக்கிறது’ என்று தோன்றும்.

இது எனக்கு எப்போதுமே தெரிந்ததுதான். தெரியாத ஒன்று, திருகின் மரையில் இருந்தது. வெள்ளையாகக் காய்ந்துபோன சோப்பு.

நூல் வெட்டுகிற பிளேடில் சோப்பு எதற்கு?

நீ ஈரத் தரையில் நடப்பதுபோல் நடந்தது, வண்டிச் சீட்டைப் பார்த்தது, உட்கார்ந்த வேகத்தில் எழுந்தது எல்லாம் வரிசையாக வந்தன.

நேரடியாகக் கேட்கிறேன். இதை வைத்து உடம்பில் முடி எடுத்தாயா? கையிலோ காலிலோ என்றால் வண்டியில் ஏறியிருப்பாய். தொடை இடுக்கிலா, உள்ளாடை மறைக்கிற இடத்திலா? புண்ணாகிவிட்டதா? இப்போது எப்படி இருக்கிறது? காய்ச்சல் வந்ததா? யாரிடம் காட்டினாய்?

அந்தப் பிடியில் பிளேடு மூன்று மில்லிமீட்டர் வெளியே நிற்கும். தடுப்பு எதுவும் கிடையாது. செங்குத்தாக இறங்கும். நூலுக்காக அப்படிச் செய்தேன். தோலில் வைத்தால் உழுதுவிடும். எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லாமல் ஒரு கருவியை ஒருத்தர் கையில் கொடுப்பது என் தொழிலில் பெரிய தப்பு. அதை நான் செய்திருக்கிறேன்.

ஒரு வரி போதும் என்று இந்தத் தடவை சொல்லமாட்டேன். எவ்வளவு வேண்டுமானாலும் எழுது.

வேல்


02.04.2025
பிள்ளையார்பாளையம்

வேலுவுக்கு,

ஆமாம்.

ஒரு வரி கேட்கும்போது கொடுக்கவில்லை. கேட்காதபோது கொடுத்துவிட்டேன். இனி மிச்சம்.

இதை வீட்டில் எழுதவில்லை. பின்தெரு நர்ஸ் சங்கரி அக்கா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். ‘உட்கார்ந்து’ என்பதைக் கவனியுங்கள். ஆறிவிட்டது.

மாசி பிறந்ததுமே வெயில் ஏறிவிட்டது. தறிக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழே இட்லிப் பானைதான். வேர்வை, அரிப்பு. முடியை எடுத்துவிட்டால் கொஞ்சம் காற்றோட்டமாக இருக்குமே என்று போன வருஷத்திலிருந்தே நினைப்பு. உங்களுக்காகத்தான் செய்தேன் என்று தலை கனத்துப்போக வேண்டாம். முக்கால் பங்கு எனக்காக. கால் பங்கைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

ரேஸர் வாங்கத்தான் கண்ணாயிரம் கடைக்குப் போனேன். அப்பா போய் ஆறு வருஷம் ஆன, மூன்று பொம்பளைகள் இருக்கிற வீடு. கடையில் நாலு பேர் நிற்கும்போது அவர், “ரேஸரா? யாருக்குமா? வூட்டுக்கு ஆம்பள யாரு வந்துக்கிறாங்க? மாப்ள லீவா?” என்று தெருமுனை வரை கேட்கிற குரலில் கேட்டார். ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டை வாங்கிக்கொண்டு திரும்பினேன். அது இன்னும் பிரிக்காமல் ஜன்னலில் கிடக்கிறது. ஆன்லைனில் வாங்கலாமே என்பீர்கள். வீட்டுக்குப் பார்சல் வந்தால் முதலில் பிரிப்பது அனு.

அப்போதுதான் தறியில் மாட்டியிருந்த உங்கள் பிடி கண்ணில் பட்டது. வேலு செய்த சாமான் ஏமாற்றாது என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். பத்து நிமிஷம் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தேன். அழுக்குக்குப் பயந்தேனே தவிர, பிளேடுக்குப் பல் முளைத்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அது பிப்ரவரி 20. நீங்கள் வருவதற்கு முந்தின நாள். குளியலறைக்கு வெளியே அனு. “அக்கா, உள்ளயே குடியேறிட்டியா? எனக்கு டியூஷன் இருக்குது!” அவசரம். சோப்பு பாதி காய்ந்துவிட்டது. மேலே கீழே என்று எல்லாப் பக்கமும் இழுத்தேன். சரியாக எடுபடாத இடத்தில் அழுத்தினேன். முடிந்ததும் தீப்பிடித்த மாதிரி எரிந்தது. சாயப் பட்டறையிலிருந்து வந்த படிகாரக் கட்டி ஒன்று வீட்டில் இருந்தது. சலூனில் முகத்துக்குத் தேய்ப்பார்களே என்று எடுத்து அழுத்தித் தேய்த்தேன். வேலு, அந்த நிமிஷம் எனக்கு அப்பா பெயர் மறந்துவிட்டது.

அதற்குப் பிறகு என்ன செய்தேன்? தறி ஏறினேன். முகூர்த்தப் புடவை, பாதியில் நிற்கிறது. ஒவ்வொரு மிதிக்கும் பாவாடை அந்த இடத்தில் உரசியது. மறுநாள் நீங்கள் வந்து தோளைத் தொட்டபோது சின்னச் சின்னச் சிவப்புப் பொரி. மூன்றாம் நாள் இரண்டு கட்டி. அப்புறம் சங்கரி அக்காவிடம் போனேன். பார்த்ததும், “இன்னாமா இது? முள்ளுக்காட்டுல உருண்டியா?” என்றாள். சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். “ஆபரேஷனுக்கே நாங்க இப்பல்லாம் பிளேடு வெக்கிறதில்லமா, கிளிப்பர்தான். நீ தறி பிளேட வெச்சிக்கினு ஆபரேஷன் பண்ணிக்கிற!” திட்டிவிட்டு, கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் டாக்டரம்மாவிடம் காட்டினாள். மாத்திரை, களிம்பு, வெந்நீர் ஒத்தடம். தறி ஏறாதே என்றார்கள். பாதி நாள்தான் ஏறினேன். அம்மாவிடம் இடுப்புப் பிடிப்பு என்றேன்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை? இப்போது அந்தக் கால் பங்கு.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள், ‘இது என்ன, எங்க தாமல் கரம்பு மாதிரி கெடக்குது’ என்று. உழாமல் போட்ட நிலத்தைச் சொல்கிற வார்த்தை. நானும் சிரித்தேன். நீங்கள் மறந்துவிட்டிருப்பீர்கள். எனக்கு அந்த வார்த்தை பாவு நூலில் மாட்டிய முள் மாதிரி ஒவ்வொரு ஓட்டத்திலும் இழுத்தது. ஒரு வருஷம். சரி, இந்தத் தடவை அந்த வார்த்தைக்கு வேலை இருக்கக் கூடாது என்று நினைத்துத்தான் நீங்கள் வரும் முந்தின நாளைப் பார்த்துச் செய்தேன். செய்து, இப்படி ஆனபிறகு உங்களிடம் எப்படிக் காட்டுவது? இன்னொரு வார்த்தை சொல்வீர்கள். அதற்கு நீங்கள் கோபித்துக்கொண்டு போனதே மேல் என்று இருந்தது.

படிவத்தில் கையெழுத்து என்கிறீர்கள். அங்கே எனக்கு அம்மா இல்லை, அனு இல்லை, சங்கரி அக்கா இல்லை. நீங்கள் மட்டும். உங்களிடம் சொல்ல முடியாத ஒன்று என் உடம்பில் வந்தால் நான் யாரிடம் போவேன்? அதை முதலில் சொல்லுங்கள்.

இன்னொன்று. சித்திரை வருகிறது, குழி இன்னும் கொதிக்கும். மறுபடி எடுப்பதா வேண்டாமா என்பது என் முடிவு. ஆனால் ஒழுங்காக எடுப்பது எப்படி என்று தெரிந்தால் எழுதுங்கள். கத்திமுனைக்கு எனக்குத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

பொன்னி


11.04.2025, வெள்ளி, காலை 5.50. ஒரே தாள், கிழிக்கவில்லை.
சாகன்

பொன்னி,

பங்குனி உத்திரம் இன்று. ஏகாம்பரநாதர் கோயில் பக்கம் நிற்க இடம் இருக்காது. மூன்று வருஷத்துக்கு முன் அந்தக் கூட்டத்தில்தான் அனுவைத் தொலைத்துவிட்டுத் தேடுவதுபோல் நாம் இரண்டு பேரும் சேர்ந்து சுற்றினோம். அவள் பொரி உருண்டை வாங்கித் தின்றுகொண்டு நம் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள்.

முதலில் கரம்பு. மறக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன், மறந்துவிட்டேன். உன் கடிதத்தில் படித்ததும் சொன்ன இடம், நீ சிரித்த சிரிப்பு எல்லாம் திரும்ப வந்தது. பாதியில் நின்ற சிரிப்பு அது. அப்போதே கவனித்திருக்க வேண்டும். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உன் உடம்பு என் நிலம் இல்லை. அதில் எது வளர வேண்டும், எது கூடாது என்று சொல்ல நான் யார்?

அடுத்தது நீ கேட்ட முறை. தெரியாததை எழுதக் கூடாது என்பதால் கம்பெனி முதலுதவி அறை நர்ஸைக் கேட்டேன். அரைகுறை ஹிந்தியில், ஒரு படம் வரைந்து கேட்டேன். படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பொறுமையாகச் சொன்னார். பிறகு ஞாயிற்றுக்கிழமை நானே என்மேல் சோதித்துப் பார்த்தேன். சிரிக்காதே. இடது பக்கம் என் சுபாவப்படி: பழைய பிளேடு, வறட்டுத் தோல், இரண்டு நிமிஷம். வலது பக்கம் அவர் சொன்னபடி. செவ்வாய்க்கிழமை எண்ணினேன். இடது பக்கம் பதினேழு பொரி. வலது பக்கம் இரண்டு.

அன்று சாணை மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. காலை அகட்டி வைத்து நின்றேன். போர்மன் வந்து என்ன பிரச்சனை என்று கேட்டார். ‘ஒன்றுமில்லை சார்’ என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி அதையே சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பொன்னி, அந்த இடத்தில் எனக்குப் பிப்ரவரி மாதம் முழுவதும் புரிந்துவிட்டது.

முறையைச் சொல்கிறேன். பாதி உனக்கு ஏற்கெனவே தெரியும். ஒரு நாள் விடியற்காலை உங்கள் தெருவில் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி தெளித்துக்கொண்டிருந்தீர்கள். என் வண்டி குறுக்கே நின்றது. உன் அம்மா, “வண்டிய எடுபா! பாவு போட்டுக்கினு இருக்கோம், கண்ணு தெரியல?” என்று கத்தினார். எடுத்துவிட்டு வந்து உன் பக்கத்தில் நின்றேன். நீ பிரஷை என் கையில் கொடுத்தாய். நான் முன்னும் பின்னும் தேய்த்தேன். கையில் ஒன்று போட்டாய். ‘நூல் போற பக்கமே இழுக்கணும். எதிர்ப்பக்கம் இழுத்தா சிலும்பும். அழுத்தாதீங்க, பிரஷோட எடை போதும்.’ அவ்வளவுதான் விஷயம். தோலும் பட்டுதான். முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் மட்டும், அழுத்தாமல்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது: நீளமாக இருந்தால் முனை மழுங்கிய சின்னக் கத்தரியால் ஒட்ட வெட்டிவிடு. நீளத்தில் பிளேடு வைத்தால் இழுக்கும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிஷம் ஊற விடு. குளிக்கிற சோப்பு வேண்டாம், காய்ந்துவிடும். வாசனை இல்லாத ஷேவிங் ஜெல். தடுப்பு உள்ள புது ரேஸர், உனக்கு மட்டும். தோலை ஒரு கையால் இழுத்துப் பிடி, சின்னச் சின்ன இழுப்பு, ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் அலசு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போகாதே. வெளிவரம்போடு நிறுத்து, உள்மடிப்பில் பிளேடே வேண்டாம். முடிந்ததும் தண்ணீர் விட்டு, துண்டால் ஒற்று, தேய்க்காதே. படிகாரம் வேண்டவே வேண்டாம். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் கொஞ்சம். இரண்டு நாள் தொளதொளவென்று பருத்தி உள்ளாடை. பொரி வந்தால் கிள்ளாதே, அது ஆறும் வரை பிளேடு வைக்காதே. சீழ், காய்ச்சல் என்றால் அன்றைக்கே டாக்டர்.

இரண்டு விஷயம் நர்ஸ் சொல்லாதது, நான் கண்டுபிடித்தது. தறி ஓடுகிற நாளுக்கு முந்தின நாள் செய்யாதே. அமாவாசைக்கு முந்தின மாலை செய்தால், மறுநாள் முழுக்க நீ குழியில் இறங்க வேண்டாம். இரண்டாவது, எடுக்காமலே இருக்கலாம். கத்தரியால் வெட்டினாலே காற்றோட்டம் பாதி கிடைத்துவிடும், பொரியும் வராது. நான் இனிமேல் அதைத்தான் செய்யப்போகிறேன். மூன்றாம் நாள் அரிப்பு எனக்குத் தாங்கவில்லை.

கடைசியாக, நீ முதலில் சொல்லச் சொன்னது. ‘உங்களிடம் சொல்ல முடியாத ஒன்று வந்தால் யாரிடம் போவேன்?’ ஐந்து நாள் யோசித்தேன். ‘என்னிடமே வா’ என்று எழுதினால் அது வெறும் வாய். நீ சொல்வதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் யோசித்தேன். அதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. ஏப்ரல் 26 சனிக்கிழமை காலை அரக்கோணத்தில் இறங்குவேன். நேராகக் கண்ணாயிரம் கடைக்குப் போவேன். நாலு பேர் நிற்கும்போது, “ஒரு ரேஸர், என் பொண்டாட்டிக்கு” என்று அவர் குரலிலேயே கேட்பேன். வேண்டாம் என்றால் முன்னாடியே எழுது. ஷாம்பு வாங்கிக்கொண்டு வருகிறேன்.

2. சங்கரி அக்காவைப் பார்த்து நன்றி சொல்வேன். அவர் திட்டுவதை நின்று கேட்பேன்.

3. பித்தளைப் பிடியில் புது பிளேடு மாட்டிக் கொண்டுவருகிறேன். பக்கத்தில் ‘நூலுக்கு மட்டும்’ என்று பொறித்துவிட்டேன். திரும்ப வாங்கிக்கொள்வதும் வேண்டாம் என்பதும் உன் இஷ்டம்.

4. அறையில் மேடைத் தறி நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு வருவேன். உட்காரும் பலகை எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்று நீதான் சொல்ல வேண்டும். உட்காரப்போவது நீ.

5. ‘என்ன பிரச்சனை’ என்று கேட்கமாட்டேன். ‘எங்கே வலிக்குது’ என்று கேட்பேன். நீ ‘ஒன்னுமில்ல’ என்றால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கைக்கடிகாரத்தைச் சாகனிலேயே வைத்துவிட்டு வருகிறேன்.

6. 27 ஞாயிறு, அமாவாசை. தறி ஓடாது. தாமல் ஏரிக்குப் போகலாமா என்று கேட்பேன். வண்டியில் உட்கார முடியுமா என்று அதற்கு முன்னால் கேட்பேன். முடியாது என்றால் பஸ். சித்திரையில் தண்ணீர் அடியில்தான் கிடக்கும், கலங்கல் காய்ந்திருக்கும். உன் ஒற்றைச் செருப்பு அங்கேதான் எங்கேயோ இருக்கிறது, தேடிப் பார்க்கலாம்.

7. படிவத்தை ஏரிக்கரையில் வைத்து உன் கையில் கொடுப்பேன். மனைவி என்ற இடத்தை நிரப்பாமல் விட்டிருக்கிறேன். படித்து முடிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். பேனா என் சட்டைப் பையில் இருக்கும். நீ கேட்கும் வரை வெளியே எடுக்கமாட்டேன்.